சித்தப்பாவும் ராஜபார்ட்டும்

எங்கள் சித்தப்பாவுக்குப் பாட வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. லாபு பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் யாரை நிறுத்திக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் வாளியைத் தோளில் போட்டுப் பாடிக்கொண்டே வந்தால் மரத்தில் வடிகிற பால் நின்றுபோகும் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் கேலி செய்வார். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பாடுவதற்கு ஒருத்தர் பிறந்திருக்கிறார், கேட்பதற்கு நான் பிறந்திருக்கிறேன் என்கிற நிம்மதி அவருக்கு.

அந்த ஒருத்தர் ராஜபார்ட் குமாரவேலு. யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி தாய்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஒரு நாடகக் கம்பெனியில் ராஜா வேடம் கட்டியவர். பக்கத்து டவுனான சிரம்பானில் கொட்டகை போட்டுப் பன்னிரண்டு நாள் நாடகம் நடந்தது. சித்தப்பா பன்னிரண்டு நாளும் சைக்கிள் மிதித்துப் போனார். பன்னிரண்டு நாளும் ஒரே நாடகம்தான் என்பதை அம்மா ஆள் அகப்பட்ட போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும் அவர் வாங்கி வந்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அப்பாவைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, அட்டை முதல் அட்டை வரை நெட்டுருப் போட்டுவிட்டுப் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இனிமேல் அது கும்பிடுவதற்கு.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை இரவோடு இரவாகக் கிளம்பிப் போய்விட, ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி தோட்டத்துக்குப் பொறுப்பானார். கித்தா என்கிற ரப்பரை வாங்க ஆளில்லாமல் பாதி மரங்கள் சும்மா நின்றன. இருக்கிற நிலத்திலெல்லாம் மரவள்ளி நட்டோம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரிக்கு மாற்றமாக இருக்கட்டுமென்று மரவள்ளிக் கஞ்சி. அரிசி என்பது ரேஷனில் கைப்பிடியாக வரும் சங்கதி. வேட்டி கிழிந்தவர்கள் சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது முடிந்து எட்டு நடந்தது.

ஒருநாள் உப்பு வாங்கிவரச் சிரம்பானுக்குப் போன சித்தப்பா, உப்பில்லாமல் ஒரு மனிதரோடு திரும்பினார். டயருக்குள் காற்றுக்குப் பதில் கயிறு திணித்த சைக்கிள் அது. அதன் பின்சீட்டில் எலும்பும் தோலுமாக ஒருத்தரை உட்கார வைத்து, அத்தனை தூரமும் தள்ளிக்கொண்டே நடந்து வந்திருந்தார். சாமி ஊர்வலத்தில் தேர் வடம் பிடிப்பவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"அண்ணி, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க!"

"யாரு? காய்ச்சக்காரரா?"

"ராஜபார்ட்டு அண்ணி!"

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். நான் கிரீடத்தைத் தேடினேன். யுத்தம் வந்ததும் கப்பல் நின்று, கம்பெனி கலைந்து, ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்களாம். இவர் பாசார் ஓரத்தில் யாரிடமோ குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். முகத்தை அல்ல, குரலை வைத்தே சித்தப்பா கண்டுபிடித்திருக்கிறார். தண்ணி கேட்டதுகூடச் சுதியோட இருந்துச்சு அண்ணி என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டம் நடந்துகொண்ட விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பெயர் இருந்தால்தான் ரேஷன் கிடைக்கும் என்பதால் கிராணியிடம் கெஞ்சி அவரைப் புல்வெட்டுக்காரராகப் பதிந்தார்கள். ஆனால் புல்லை அவர் தொட வேண்டியதில்லை. அவருக்கு ஒதுக்கிய நிரையை ஆளுக்குக் கொஞ்சமாக மற்றவர்கள் வெட்டி முடித்துவிடுவார்கள். ஆர்மோனியம் வாசிக்கிற கை, காய்த்துப் போகக்கூடாதாம். புதிதாகக் கல்யாணமான ஒருவர், தன் கல்யாண வேட்டியைக் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் சாக்கைக் கட்டிக்கொண்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தொண்டைக்கு ஆகும் என்று ஒரு கிழவர் மலைத்தேன் எடுக்கப் போய், முகம் வீங்கி, ஒரு கண் திறக்காமல் திரும்பினார். தேன் மட்டும் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும்விட அந்தப் பிடி அரிசி. முன்பெல்லாம் எங்கள் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அம்மன் கோயிலுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். பஞ்சத்தில் அது நின்று போயிருந்தது. அதை மறுபடி ஆரம்பித்தார்கள், ஆனால் ராஜபார்ட்டுக்கு. பூசாரி முணுமுணுத்தபோது பக்கத்து வீட்டு அக்கா, "ஆத்தாளுக்கு மரவள்ளி போதும் சாமி, அவளுக்கும் பாட்டுக் கேக்கணும்ல?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். ராஜபார்ட் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். நாங்கள் மரவள்ளியை மென்றுகொண்டு அவர் சோறு தின்பதைப் பார்ப்போம். பாவம், அவருக்கு உள்ளே இறங்காது. எனக்கு ஒரு கவளம் நீட்டுவார். சித்தப்பா ஒரு பார்வை பார்ப்பார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். அந்த வயதில் நான் மனதார வெறுத்த ஒரே மனிதர் ராஜபார்ட்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த வெறுப்பு காணாமல் போய்விடும். கோயில் மரத்தடியில் தோட்டமே கூடும். ஆர்மோனியம் ஏது? ஒருத்தர் காலி மண்ணெண்ணெய் டின்னில் தாளம் தட்டுவார். ராஜபார்ட் எழுந்து நின்றால் அந்த எலும்புக்கூடு எங்கே போகுமோ தெரியாது. நாட்டை இழந்த ராஜா காட்டுக்குள் வழி தெரியாமல் நிற்கிற கட்டத்தில் ஒரு பாட்டு உண்டு. எந்தப் பக்கம் போனாலும் காடு, என்னைத் தேடி வருவார் யார் என்று கேட்கிற பாட்டு. அதை அவர் எடுத்தால் கித்தாக் காடு அப்படியே வாயடைத்துப் போகும். பெண்கள் அழுவார்கள். வாயில் சுருட்டோடு வரும் மண்டோர் அதை அணைத்துவிட்டு உட்காருவார். சித்தப்பா முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து வரிக்கு வரி கூடவே போவார். அவர் முகத்தில் அப்போது வரும் சந்தோஷத்தை நான் வேறு எந்த மனித முகத்திலும் இதுவரை பார்த்ததில்லை.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு முதலில் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டது. மூன்று மாதம் வேலை, சோறு, துணி, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்றார்கள். மூன்று மாதம் தாண்டியும் யாரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் எங்கள் கிராணிக்கும் உத்தரவு வந்தது, ஆறு பேர் வேண்டுமென்று. அவர் ஒன்றும் கெட்டவர் அல்ல. பிள்ளைகுட்டிக்காரர்களை விட்டுவிட்டுத் தனி ஆட்களாகப் பார்த்து எழுதினார். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகாவிட்டாலும் எங்கள் வீட்டோடு இருந்ததால் குடும்பத்து ஆளாகக் கணக்கு. ராஜபார்ட்டுக்கு யார் இருக்கிறார்கள்? பட்டியலில் முதல் பெயரே அவருடையது.

கிராணி வீட்டில் சமையல் செய்த அம்மாள் மூலம் இது முதல்நாள் சாயங்காலமே எங்கள் காதுக்கு வந்துவிட்டது. ராஜபார்ட் நாலு நாளாகக் குளிர்காய்ச்சலில் உள்ளே சுருண்டு கிடந்தார். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டார்கள். நான் விறகு பொறுக்குகிற மாதிரி நின்று கேட்டேன்.

"ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? பாட்டுக்காக யாராச்சும் உசுரக் குடுப்பானா?"

"மூணு மாசந்தானண்ணே. நான் கல்லு மாதிரி இருக்கேன், போயிட்டு வந்துருவேன். அவரு இந்தக் காய்ச்சலோட மூணு நாள் தாங்குவாரா? நீயே சொல்லு."

அப்பா தலைமுண்டாசை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். எனக்கு இதில் விளங்கியது, சித்தப்பா ரயில் பார்க்கப் போகிறார் என்பது மட்டும்.

மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதற்கு, எல்லாரும் பிள்ளைகளோடு வர வேண்டும் என்று உத்தரவு. நன்றாக விடிந்த பிறகு லாரி வந்தது. இரண்டு ஜப்பான் சிப்பாய்கள், கூடவே சிரம்பானிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர், நம்ம தமிழர்தான். கிராணி காகிதத்தைப் பிரித்து வாசித்தார்.

"குமாரவேலு."

"இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு சித்தப்பா முன்னால் போய் நின்றார்.

கிராணி தலையை நிமிர்த்தினார். அவர் பார்த்தது சித்தப்பாவை. பார்த்துக்கொண்டே இருந்தார். மண்டோர் தன் கால் விரலைப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் குமாரவேலு யார் என்று தெரியும். ஒருத்தர்கூட இருமவில்லை. கண்டுபிடித்தால் கிராணி தலை முதல் போகும், அப்புறம் யார் யார் தலையோ. அந்த மௌனத்தை இன்றைக்கு நினைத்தாலும் நான் அந்த ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அன்றைக்குக் கும்பிடவில்லை. கணீரென்று கத்தினேன்.

"ஐய, அது ராஜபார்ட்டு பேரு!"

அம்மாவின் கை என் வாயை அப்பளம்போல நொறுக்கியது. ஒரு சிப்பாய் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டான். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், கிராணியின் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்தார். பிறகு சிப்பாயிடம் ஜப்பான் பாஷையில் கொஞ்ச நேரம் பேசினார். சிப்பாய் சிரித்தான். மொழிபெயர்ப்பாளர் குனிந்து என்னிடம் தமிழில், "அழுவாத பாப்பா, மூணு மாசத்துல ஒங்க ஆளு வந்துருவாருன்னு சொல்றாரு" என்றார். நான் அழவே இல்லை. அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பது இன்றுவரை தெரியாது. அவர் நன்றாக இருக்கட்டும்.

லாரியில் ஏறிய சித்தப்பா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். அவரோடு போன ஐந்து பேரும் தலை கவிழ்ந்திருந்தார்கள்.

காய்ச்சல் இறங்கி எழுந்த அன்று ராஜபார்ட்டுக்கு விஷயம் தெரிந்தது. கிராணி வீட்டுக்குத் தடுமாறிக்கொண்டே ஓடி, என்னை அனுப்புங்கள், அவரைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று வாசலில் விழுந்து அழுதாராம். கிராணி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, ஒரு ஆள் போனது போதும், நீ வாயைத் திறந்தால் பத்து ஆள் போகும் என்று சொல்லி அனுப்பினாராம். பெயர்ப் பட்டியலில் இப்போது குமாரவேலு சயாமுக்குப் போய்விட்டவர். சித்தப்பா தோட்டத்தில் இருப்பவர். ஆகவே மறுநாள் பெரட்டில் சித்தப்பாவின் பெயரைக் கூப்பிட்டபோது ராஜபார்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "இருக்கேன்" என்றார். அன்றிலிருந்து தினமும்.

அதோடு அவர் பிடி அரிசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்களோடு மரவள்ளி தின்றார். தன் நிரையை மட்டுமல்ல, சித்தப்பாவின் மரங்களையும் தானே எடுத்துக்கொண்டார். பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி போக வேண்டும் என்று தெரியாமல் மரத்தையும் கிழித்துக் கையையும் கிழித்துக்கொண்டார். விரலெல்லாம் காய்த்துக் கறுத்தது. யாராவது உதவிக்கு வந்தால் விரட்டினார். ஞாயிற்றுக்கிழமை பாட்டும் நின்றது. அவரு வந்து முன்னால ஒக்காரட்டும், பாடுறேன் என்று ஒரே பதில்தான். நான் வாசற்கதவில் கரிக்கோடு போட்டு மூன்று மாதம் எண்ணினேன். பிறகு எண்ணிக்கை தெரியாமல் கோடு மட்டும் போட்டேன். அம்மா அவரைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னாள், அந்நியர் யாராவது வந்தால் சந்தேகம் வராமல் இருக்க. நான் கூப்பிடவே இல்லை. எங்கள் சித்தப்பாவை ரயிலேற்றி விட்டுவிட்டு இங்கே சித்தப்பாவாக இருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு மத்தியான வேளையில், காலில் பெரிய புண் ஆறிய தழும்போடு ஒருத்தர் கம்பை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். சி ரூசா என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்து ஆள். சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். அப்பாவும் ராஜபார்ட்டும் வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள்.

"ராஜபார்ட் குமாரவேலு இங்கதான இருந்தாரு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா ராஜபார்ட்டைத் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்தவர் தொடர்ந்துவிட்டார். "போயிட்டாரும்மா. அவரத் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

யார் போனது என்று புரிய அம்மாவுக்குச் சற்று நேரமாயிற்று. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. நான் புரிந்துகொண்டேன். அந்தக் கணம் என் நெஞ்சில் விழுந்த கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

வந்தவருக்கு நிறைய சொல்ல இருந்தது. முகாமில் பெயர் கூப்பிடும்போது குமாரவேலு என்று கேட்டதும், ராஜபார்ட்டா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து ஆள் ஒருத்தர் விளையாட்டாகவோ, காரியமாகவோ ஆமாம் என்று சொல்லிவைத்தார். கிரீடமும் மீசையும் அரிதாரமும் இல்லாத ராஜாவின் முகம் யாருக்குத் தெரியும்? பாடுங்கள், பாடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். மறுத்தால் குட்டு வெளிப்படும். சித்தப்பா பாடினார். தினமும் வேலை விட்டு வந்ததும் பாடினார். அவர் சுமக்க வேண்டிய மண்கூடையை மற்றவர்கள் பகிர்ந்து சுமந்தார்கள். தங்கள் சோற்றிலிருந்து ஒரு பிடி எடுத்து அவர் தட்டில் போட்டார்கள். அவர் அதையெல்லாம் படுத்துக் கிடந்தவர்களுக்குக் கொண்டுபோய் ஊட்டினாராம். கடைசியில் காலரா வந்தது. அவரை எரித்தபோது எழுந்து நிற்க முடிந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று அந்தக் காட்டுப் பாட்டைப் பாடினார்களாம்.

"கொரலு போயிருச்சுய்யா, பாவம்" என்றார் வந்தவர். "எப்பேர்ப்பட்ட கொரலு! அந்தக் காடும் காய்ச்சலும் தின்னுருச்சு. ஆனா ஒரு வரி மறக்கலையே! அதக் கேட்டுத்தான் நாங்க மறுநாளு எந்திரிச்சோம்."

அதுவரை தலை குனிந்திருந்த ராஜபார்ட் மெதுவாகக் கேட்டார். "அந்தக் காட்டுப் பாட்ட எப்படிப் பாடுவாரு? கொஞ்சம் பாடிக் காட்டுறீங்களா?"

வந்தவர் பாடினார். சித்தப்பா பாடிய மாதிரியே பாடினார். சுதி எங்கேயோ, சொல் எங்கேயோ, ஏற வேண்டிய இடத்தில் இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல். வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு கித்தாக் காட்டுக்குள் சித்தப்பா வருகிற மாதிரியே இருந்தது. அம்மா சேலையை வாயில் அடைத்துக்கொண்டாள். ராஜபார்ட் கண்ணை மூடி, சம்மணம் போட்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் கூடவே போனார். முடிந்ததும் கைகளைக் கூப்பினார்.

"ஆமா, அப்படித்தான் அதப் பாடணும்" என்றார்.

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். "அண்ணனுக்குப் பாட்டுல ஞானம் உண்டுபோல. நீங்க யாரு அவருக்கு?"

"நானா? நான் அவரோட ரசிகன்" என்றார் ராஜபார்ட்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜப்பான்காரன் போயே போய்விட்டான், சித்தப்பாவும் போய்விட்டார், இன்னும் என்ன பயம் இந்த மனுஷனுக்கு, நான்தான் ராஜபார்ட் என்று சொல்லக்கூட வாய் வரவில்லையே, இந்தக் கோழைக்காகவா எங்கள் சித்தப்பா போனார் என்று அவரை முறைத்துக்கொண்டே அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன்.